அட்டை போடும் நேரத்துப் பேச்சு

கத்திரி வெயில் சித்திரை 21 வாக்கில் தொடங்கி வைகாசி நடுவில் முடியும். ஆங்கில நாட்காட்டியில் அது ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. கத்திரி கழியும் தறுவாயில்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் முடிகிறது. ஆச்சி வீட்டுக்கும் அப்பத்தா வீட்டுக்கும் போனவர்கள் திரும்புகிறார்கள். கழுத்தெல்லாம் வியர்க்குரு, முழங்காலில் காய்ந்துபோன சிராய்ப்பு, பையின் அடியில் ஒரு கை புளியங்கொட்டை. சென்னையில் வளரும் ஐந்து வயதுப் பெண் குழந்தை நெல்லைப் பக்கம் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தால், அடுத்த ஒரு வாரத்துக்காவது தம்பியை "ஏலே" என்றுதான் கூப்பிடுகிறாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய அந்தக் கடைசி வாரம் பெரும்பாலும் கடைத்தெருவில் கழிகிறது. போன ஜூனில் வாங்கிய ஷூ காலுக்குள் நுழைய மறுக்கிறது. சீருடைக்கு அளவெடுக்கும் தையல்காரர், "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே தைச்சிடுவோம்" என்கிறார். தண்ணீர் பாட்டிலில் எந்தப் படம் போட்டிருக்க வேண்டும் என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் கடையிலேயே சண்டை வருகிறது. பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, புத்தகப்பை, வண்ணப் பென்சில் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலவற்றை அரசே தருவது ஏழைப் பெற்றோரின் ஜூன் மாதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனாலும் ரிப்பன், டிபன் டப்பா, குடை என்று அந்த வீடுகளுக்கும் ஒரு பட்டியல் இருக்கவே செய்கிறது.

இந்த ஓட்டத்தில் ஒரு வேலை தவறிப்போகிறது. முடிந்துபோன விடுமுறையைப் பற்றிக் குழந்தையோடு உட்கார்ந்து பேசும் வேலை. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வாரத்தின் முதல் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஷூவும் பையும் அதற்கு அடுத்தபடிதான்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முன் நடந்தது எதுவும் நினைவில் இல்லை. மூன்று, நான்கு வயது நினைவுகளும் துண்டுதுண்டாகத்தான் நிற்கின்றன. அவை எப்போது அழிகின்றன என்பதை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் பாட்ரீஷியா பாவரும் மரீனா லார்கினாவும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகளிடம் அண்மையில் நடந்த சில நிகழ்ச்சிகளைப் பற்றி அவர்களுடைய தாய்மாரைப் பேசச்சொல்லிப் பதிவுசெய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்தக் குழந்தைகளில் சிலரை ஐந்து வயதில், சிலரை ஆறில், சிலரை ஒன்பதில் என்று வெவ்வேறு வயதில் அழைத்து அதே நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகள் அவற்றில் 60 சதவீதத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் அது 40 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இந்த மே மாதம் ராமேஸ்வரத்தில் முதன்முதலாகக் கடலில் கால் நனைத்த மூன்று வயதுப் பிள்ளை யூகேஜியிலும் ஒன்றாம் வகுப்பிலும் அதை ஆசையாகச் சொல்லும். நான்காம் வகுப்புக்குப் போவதற்குள் அந்தக் கடல் அதன் மனத்திலிருந்து போய்விடக்கூடும். எது தங்குகிறது, எது போகிறது என்பதில் பெற்றோரின் பேச்சுக்கும் பங்கு உண்டு என்பதுதான் அந்த ஆய்வில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம். குழந்தை இழுத்த இழுப்புக்குப் பேச்சைப் போகவிட்டு, "அப்புறம்? இன்னும் சொல்லு" என்று கேட்ட தாய்மாரின் பிள்ளைகள் பின்னாளில் விரிவாக நினைவுகூர்ந்தார்கள்.

பேசுவதில் இரண்டு விதம் உண்டு. "ஆச்சி ஊர் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் குழந்தை "ம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். அதற்கு மேல் சொல்ல அந்தக் கேள்வியில் இடமில்லை. "மொட்டை மாடியில ஆச்சி வடாம் காய வச்சப்போ உன்னைத்தானே காவலுக்கு உட்கார வச்சாங்க, காக்கா வந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். காக்கா வந்தது, குச்சியை ஓங்கியது, காக்கா பயப்படாமல் நின்றது, பாதி காய்ந்த வடாம் ஒன்றைப் பிள்ளையே எடுத்துத் தின்றது, அதில் உப்பு கூடுதலாக இருந்தது என்று எல்லாம் ஒவ்வொன்றாக வரும். நடந்ததும் கற்பனையும் கலந்துதான் வரும். ஒரு காக்கா பத்துக் காக்காவாகும். அதைத் திருத்த வேண்டியதில்லை. யார், எங்கே, எப்போது, ஏன், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அடுக்கிச் சொல்ல அந்தக் குழந்தை அப்போதுதான் பழகுகிறது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் எலைன் ரீஸும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையிலான குழந்தைகளின் தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு, கடந்துபோன நிகழ்ச்சிகளைப் பற்றி விரித்துப் பேசுவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களை இயல்பாக விட்டுவிட்டார்கள். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்ற தாய்மார் திறந்த கேள்விகளை அதிகம் கேட்டார்கள், குழந்தை சொன்னதை எடுத்துக் கொண்டாடினார்கள். விளையாட்டுப் பொருளோ புத்தகமோ திரையோ எதுவும் அந்தப் பயிற்சியில் இல்லை. வீட்டில் நடந்ததைப் பற்றி வீட்டாரே பேசியதுதான் மொத்தப் பாடமும்.

இவை மேற்கத்திய ஆய்வுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சி வாங், சீனத் தாய்மாரையும் அமெரிக்கத் தாய்மாரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். பழைய நிகழ்ச்சியைப் பேசும்போது அமெரிக்கத் தாய் குழந்தை என்ன நினைத்தது, எதை விரும்பியது என்று போகிறாள். சீனத் தாய் நடந்துகொண்ட முறை சரியா, பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று போகிறாள். நம் வீடுகள் இரண்டாவது பக்கம் சாய்ந்தவை என்றுதான் தோன்றுகிறது. ஊரிலிருந்து வந்த பிள்ளையிடம் நம் முதல் கேள்வி பெரும்பாலும் விசாரணையாகத்தான் இருக்கிறது. "சோறே சாப்பிடலையாமே, சித்தி போன்ல சொன்னா", "மாமா பையனை அடிச்சியாமே" என்று தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அடித்ததைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன் நுங்கு வண்டி ஓட்டியதைக் கேட்டுவிடலாம்.

நம் வழக்கத்தில் இதற்கு ஈடு செய்யும் ஒரு செல்வமும் உண்டு. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லக் குழந்தைக்குத் துணையாக இத்தனை பேர் இருக்கிறார்கள்: தாத்தா, பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா. நெல்லைச் சீமையில் அம்மன் கோயில் கொடை, மதுரையில் சித்திரைத் திருவிழா, திருச்செந்தூரில் வைகாசி விசாகம் என்று கோடை முழுக்கக் கூட்டத்தோடு பார்த்த காட்சிகள். அழகர் ஆற்றில் இறங்கியதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு ஒரு காட்சி, கீழே நின்று பெரியவர்களின் முதுகை மட்டும் பார்த்த அக்காவுக்கு இன்னொரு காட்சி. இருவரையும் உட்காரவைத்துப் பேசவிட்டால் வீட்டுக்கு இரண்டு திருவிழாக்கள் கிடைக்கும்.

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று யாரும் மலைக்க வேண்டாம். கடைசி வாரத்து வேலைகளே அதற்கு ஏற்றவை. முக்கியமாக, நோட்டுக்கு அட்டை போடும் வேலை. பிரவுன் ஷீட்டை வெட்டி, நோட்டை நடுவில் வைத்து, முதுகுப் பக்கம் மடக்கி, ஓரத்தை உள்ளே தள்ளி, லேபிள் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கைக்கு வேலை இருக்கிறது, வாய் சும்மா இருக்கிறது. முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்டால் வெட்கப்படும் குழந்தை, டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தானாகப் பேசும். நான்கு வயதுப் பிள்ளை ஒட்டிய லேபிள் கோணலாகத்தான் இருக்கும். அதைப் பிய்த்து நேராக ஒட்டும் பெற்றோர், அடுத்த நோட்டுக்குத் தனியாளாகத்தான் உட்கார வேண்டியிருக்கும். கோணலாகவே இருக்கட்டும், ஆசிரியர் யாரும் அதற்காகக் கோபிக்கப்போவதில்லை.

இப்போது கடையில் தைத்த பிளாஸ்டிக் உறைகள் வந்துவிட்டன. நோட்டை நுழைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் தாய் அதை வாங்குவதில் தவறே இல்லை. அந்த வீட்டில் பேச்சுக்கு வேறு நேரம் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை பட்டாணி உரிக்கும் நேரம், பாயை விரித்து விளக்கணைத்த பிறகான பதினைந்து நிமிடம். தூக்கத்துக்கு முந்தைய நேரத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே உண்டு. எமிலி என்ற குழந்தை தொட்டிலில் தூங்குவதற்கு முன் தனக்குத்தானே பேசிக்கொண்டதை ஒலிநாடாவில் பதிவுசெய்து, அதைக் கேதரின் நெல்சன் என்ற உளவியலாளரும் பிற அறிஞர்களும் 1989-இல் நூலாக்கினார்கள். இரண்டு வயது கூட நிரம்பாத நிலையில் தொடங்கும் அந்தப் பேச்சில், அன்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் குழந்தை தானாகவே வரிசைப்படுத்திப் பார்க்கிறது. அதுபோன்ற ஒரு நேரத்தில்தான் பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவோ அப்பாவோ பேச்சைத் தொடுக்க முடியும்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவர் பெரும்பாலும் அவர்தான். நுங்கு வண்டியையும் பார்த்ததில்லை, காக்காவையும் பார்த்ததில்லை. எனவே அவர் கேட்கும்போது குழந்தை உண்மையிலேயே அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. உடன் இருந்த அம்மாவுக்கு நினைவுபடுத்துவதை விட, இல்லாத அப்பாவுக்கு விளக்குவது கடினம். குழந்தைக்கு அதிக வேலை தருவது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடி காணொளி அழைப்பில் பேசும் தகப்பன்மாருக்கும் இது பொருந்தும். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, நல்லா படிக்கணும்" என்ற மூன்று வாக்கியத்தோடு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடாமல், ஒரே ஒரு நாளைப் பற்றி முழுதாகக் கேட்கலாம்.

எல்லா நினைவும் இனிப்பாக இருக்காது. கோடையில் தாத்தா படுத்த படுக்கையாகியிருப்பார். கிணற்றுப் பக்கம் போனதற்கு மாமா கன்னத்தில் அறைந்திருப்பார். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குப் பெயர் வைத்து விளையாடிய பிள்ளை, அது வெட்டப்பட்டதைப் பார்த்திருக்கும். "அதையெல்லாம் நினைக்காதே" என்று பேச்சை மாற்றுவதுதான் நம் வழக்கம். மாற்றினாலும் குழந்தை நினைத்துக்கொண்டுதான் இருக்கும், தனியாக. அன்று ஏன் அப்படி நடந்தது, அப்போது உனக்கு எப்படி இருந்தது, எனக்கும் சின்ன வயதில் அழுகையாகத்தான் வந்தது என்று ஒருவர் சொன்னால், அந்தப் பயத்துக்கு ஒரு முன்னும் பின்னும் கிடைக்கிறது. பள்ளி திறக்கும் வாரத்தில் காரணமில்லாமல் அடம்பிடிக்கும் பிள்ளையிடம் இப்படிப் பேசிப்பார்ப்பது நல்லது.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னபடி மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடுமுறையில் பதினோரு மணிக்குப் படுத்த பிள்ளையைத் திறப்பு நாளன்று ஆறு மணிக்கு எழுப்பினால் அந்தக் கணக்கு உதைக்கும். கடைசி வாரத்தில் தினமும் கொஞ்சம் முன்னதாக விளக்கை அணைத்தால் போதும். விளக்கணைத்த பிறகான பேச்சுக்கும் நேரம் கிடைக்கும்.

"விடுமுறையில் எல்லாம் மறந்துபோயிருக்கும், எழுத வையுங்கள்" என்ற பயம் இந்த நேரத்தைப் பெரிதும் தின்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அமெரிக்கப் பிள்ளைகள் கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்றும், கணக்கில் இழப்பு கூடுதல் என்றும் சொன்னார்கள். ஆனால் அங்கே விடுமுறை பத்து வாரத்துக்கும் மேல். அந்த முடிவுகளின் அளவீட்டு முறையையே பால் வான் ஹிப்பல் 2019-இல் கேள்விக்கு உள்ளாக்கிவிட்டார். ஐந்து, ஆறு வாரம் ஊர் சுற்றிய நம் யூகேஜிப் பிள்ளை உயிரெழுத்தை மறந்துவிட்டிருந்தால் ஜூன் முடிவதற்குள் அது திரும்ப வந்துவிடும். அதற்காக மே மாதக் கடைசியில் இரட்டைக்கோடு நோட்டோடு உட்காரவைத்து அழவைக்க வேண்டியதில்லை. சார்ட் பேப்பரும் தெர்மகோலும் வாங்கி அப்பாவே இரவெல்லாம் செய்து முடிக்கும் விடுமுறைத் திட்டப்பணிகளைச் சின்ன வகுப்புகளுக்குத் தருவதைத் தனியார் பள்ளிகள் நிறுத்திக்கொள்ளலாம். அதனால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

பேசுவதற்கு நேரமே வாய்க்காத பெற்றோரும் இருக்கிறார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்களுக்குக் கோடை என்பது வேலையின் உச்சம். அந்தப் பிள்ளைகளுக்குக் கோடையின் முடிவு மழை வந்து சூளை அணைவதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் தாய், விடுமுறையில் ஏழு வயது மகனை யாரிடம் விடுவாள்? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அது ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே ஆறு வயதுதான். அதைத் தாண்டிய பிள்ளைக்கு மே மாதத்தில் பூட்டிய வீடும் ஒரு கைபேசியும்தான் துணை. கோடை மாதங்களில் மட்டுமாவது பத்து வயது வரையிலான பிள்ளைகளைக் காப்பகத்தில் ஏற்றுக்கொள்ளத் தொழில் நகரங்களின் நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

சோற்றையும் பேச வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, மதியம் சத்துணவு. பள்ளி மூடியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது நினைவுகூரத்தக்கது. நாளின் இரண்டு வேளைச் சோற்றுக்குப் பள்ளியை நம்பியிருக்கும் வீட்டில் மே மாதத்தின் கவலையே வேறு. அந்த வீட்டுத் தாயிடம் பிள்ளையோடு உட்கார்ந்து கதை பேசச் சொல்வதற்கு முன், அரசு விடுமுறைக்கால உணவுக்கு வழி செய்ய வேண்டும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது உலர் உணவுப் பொருட்களாகக் கொடுத்த அனுபவம் நம் மாநிலத்துக்கு இருக்கிறது.

பள்ளி திறக்கும் நாளும் முன்கூட்டியே உறுதியாகத் தெரிய வேண்டும். 2023-இல் ஜூன் முதல் வாரம் என்று சொல்லி, பிறகு 7 என்று மாற்றி, கடைசியில் ஆறாம் வகுப்புக்கு மேல் 12-ஆம் தேதியும் ஐந்தாம் வகுப்பு வரை 14-ஆம் தேதியும் திறந்தார்கள். 2024-இல் 6-ஆம் தேதி 10 ஆனது. வெயில் காரணம், அதில் குறை சொல்ல முடியாது. குழந்தையின் உடல்நலம்தான் பெரிது. ஆனால் ரயிலில் 60 நாள் முன்னதாக முன்பதிவு செய்து, கிடைத்த விடுப்பை அதற்கேற்ப எடுத்த பெற்றோருக்கு அந்தக் கடைசி வாரம் குலைந்துபோகிறது. வெயில் கூடிக்கொண்டே போகும் காலத்தில் தொடக்க வகுப்புகளை மட்டுமாவது ஜூன் இரண்டாம் வாரத்தில் திறப்பது என்று நிலையாக முடிவுசெய்துவிடலாம். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஜூனில் ஒரு வாரம் போனாலும் அதை நிறைவேற்ற இடம் இருக்கிறது.

திறந்த முதல் வாரத்தில் ஆசிரியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கதையும் பாடலும் வகுப்பறையின் பகுதியாகவே இருக்கின்றன. அந்தக் கதை நேரத்தை முதல் ஐந்து நாட்களுக்குப் பிள்ளைகளின் கோடைக்கே கொடுத்துவிடலாம். ஊருக்குப் போகாமல் தெருவிலேயே இருந்த பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்: லாரியில் தண்ணீர் பிடித்தது, மின்சாரம் போன இரவில் மாடியில் படுத்தது, புதிதாகப் பிறந்த தங்கச்சிப் பாப்பா. "எங்கே டூர் போனீர்கள்" என்று கேட்டால் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். "லீவில் ஒரு நாள் என்ன நடந்தது" என்று கேட்க வேண்டும். சொன்னதைப் படமாக வரையச் சொல்லி, கீழே பிள்ளை சொல்லும் வாக்கியத்தை ஆசிரியர் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், விடுப்பு கிடைக்காத பெற்றோர் அன்று மாலை அதை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்க முடியும்.